கண்ணாடியில் தெரியாத வெயில் கறை

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் வேலைக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள் ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பாருங்கள். காலையில் வடக்கே போகும்போது சூரியன் கிழக்கில், அதாவது வலது பக்கம். மாலையில் தெற்கே திரும்பும்போது சூரியன் மேற்கில், கடல் பக்கம், அதுவும் வலதுதான். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கையும் வலது பக்கம். இருபது வருடம் இந்த வழியில் ஓடியவள் நான். வலது கன்னத்து எலும்பின் மேல் மண்ணிறத்தில் ஒரு திட்டு இருக்கிறது, இடது பக்கம் அதில் பாதிகூட இல்லை.

கண்ணாடியை மூடி ஏசி போட்டுத்தானே ஓடினேன், வெயில் எங்கே பட்டது என்று நானும் கேட்டேன். புற ஊதாக் கதிரில் நம்மைத் தொடுவது இரண்டு வகை. யூவிபி தோலைச் சிவக்க வைத்து எரிக்கும், அதைச் சாதாரணக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். யூவிஏ எரிக்காது, அதனால் படுவதே தெரியாது, ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்து தோலின் உள்படை வரை இறங்கி, தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜனைச் சிதைத்து, நிறமி செய்கிற கலங்களையும் கிளறிவிடும். காரின் முன்கண்ணாடியில் இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் யூவிஏ அவ்வளவாக வராது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் அப்படி இல்லை. 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான படம் ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. 28 வருடம் லொறி ஓட்டிய 69 வயது அமெரிக்கர். அங்கே ஓட்டுநர் இருப்பது இடது பக்கம், அவருடைய இடது பாதி முகம் மட்டும் தடித்து, ஆழமான சுருக்கம் விழுந்து, வேறொரு ஆளின் முகம் போல இருந்தது.

எனக்கு இது தெரிய வந்தது ஒரு அழகுசாதனக் கடையில். ஊதா வெளிச்சம் அடிக்கும் பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லிப் படம் எடுத்துக் காட்டினார்கள். முகம் முழுக்கக் குறுமிளகு தூவியது போலப் புள்ளிகள். பயந்து போனேன். அந்தப் பயத்திலேயே அவர்கள் நீட்டிய முழு செட்டையும் வாங்கி, வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பூசி, முகம் எரிந்து உரிந்து, மூன்று மாதம் முன்பைவிடக் கறுப்பாகத் திரிந்தேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் கறையை உண்டாக்குவது வெயில் மட்டுமில்லை, அவசரமும்தான். எங்கே எரிச்சல் வருகிறதோ, எங்கே புண் வருகிறதோ, அங்கே நம் தோல் நிறமியைக் கொட்டிவிட்டுப் போகும். அதனால் மெதுவாகப் போவதுதான் இங்கே மருத்துவம்.

அந்த ஊதா வெளிச்சம் பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால், சாதாரண வெளிச்சத்தில் தெரியாத நிறமிச் சேர்க்கை அதில் கருமையாகத் தெரியும். தோல் டொக்டர்கள் வைத்திருக்கும் வூட்ஸ் விளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது, ரொபர்ட் வூட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903இல் செய்தது. மேல்படையில் இருக்கும் கறை அதில் பளிச்சென்று தெரியும், உள்படையில் இருக்கும் கறை அவ்வளவாகத் துலங்காது. மேலே இருந்தால் கிறீமுக்குக் கேட்கும், கீழே இருந்தால் லேசில் போகாது. நல்ல கறுப்புத் தோலில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியாது என்பதால், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது மருந்து தந்தால் வாங்காதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு, செலவில்லாதது. மேல்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள், வெயிலே படாத இடம். அதுதான் உங்கள் சொந்த நிறம், உங்கள் தோல் வெயிலில்லாமல் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும். பிறகு முன்கையின் வெளிப்பக்கம், புறங்கை, சட்டைக் கழுத்து திறந்திருக்கும் இடம், மணிக்கூடு கட்டும் இடத்தின் உள்ளும் வெளியும், எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடுங்கள். நிறம் மட்டுமில்லை, தோலின் தன்மையும் மாறியிருக்கும்: ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பும் மெல்லிய கோடுகளும். அப்புறம் ஜன்னலோரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், போனில் அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு, நேராக ஒன்று, வலம் ஒன்று, இடம் ஒன்று என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை இதே மூன்று படம். இது இல்லாவிட்டால் இரண்டாம் மாதத்தில் "ஒன்றும் மாறவில்லையே" என்று மனம் விட்டுவிடுவீர்கள், ஏனென்றால் தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது.

எது என்ன என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாக் கறுப்பும் வெயில் கறுப்பு இல்லை. இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி படரும் மண்ணிறத் திட்டு மங்கு. கர்ப்ப காலத்தில், கருத்தடை மாத்திரை எடுக்கும் காலத்தில் வரும், வெயிலில் கூடும், அடுப்பு வெக்கைகூட அதைக் கிளறக்கூடும். விளிம்பு தெளிவாக, காசு போலத் தனித்தனியாக, தொட்டால் தட்டையாக இருக்கும் மண்ணிறப் புள்ளிகள் பல வருட வெயிலின் கணக்கு. கன்னத்திலும் புறங்கையிலும்தான் அதிகம். தொட்டால் தட்டுப்படுகிற சின்னச் சின்னக் கறுப்பு மருக்கள் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் வந்தால் அது வேறு, நம் ஆட்களுக்குக் குடும்ப வழியாக வருவது, எந்தக் கிறீமாலும் போகாது. தொல்லையாக இருந்தால் டொக்டர் எடுத்துவிடலாம். தயவுசெய்து சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைக்காதீர்கள், மரு போகும், அந்த இடத்தில் தழும்பு நிற்கும்.

பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. தேய்க்காதீர்கள். போய் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பாருங்கள்.

இன்னொன்று, நாற்பதைத் தாண்டியவர்கள் அதிகம் கவனிக்காதது: தலைச்சாயம். நெற்றி ஓரம், காதுப் பக்கம், கழுத்து என்று மயிர் தொடங்கும் இடத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த மண்ணிறம் படர்ந்தால், சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருளுக்கு உங்கள் தோல் ஒவ்வாமை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சில நேரம் அரிப்பே இருக்காது, கறுப்பு மட்டும் வரும். என் மாமி ஒருவர் இரண்டு வருடம் முகத்துக்கு என்னென்னவோ பூசினார், சாயத்தை நிறுத்தியதும்தான் கறுப்பு படர்வது நின்றது. வாசனைத் திரவியம், ஒட்டுப் பொட்டு, குங்குமம் எல்லாமே தடவிய இடத்தில் நிறத்தை மாற்றக்கூடும், அதனால் கறுப்பு எந்த வடிவத்தில் நிற்கிறது என்று பாருங்கள், அந்த வடிவமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

பிரஷர் மாத்திரையும் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற சில மாத்திரைகள் வெயிலுக்குத் தோலைக் கூச வைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் கேளுங்கள்.

முதலில் வெயிலை மூடுங்கள்

கொழும்பு பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே கூட இல்லை. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் முற்பகுதியிலும் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வருகிறது, நண்பகல் 12.10 அளவில் நிழல் காலடிக்குள் போய்விடும். புற ஊதாச் சுட்டெண் 8ஐத் தொட்டால் மிக அதிகம், 11 என்றால் உச்சம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது, நமக்கு அந்த எண்கள் சாதாரணம். மேகம் மூடிய நாளிலும் மெல்லிய மேகத்தைத் தாண்டிக் கதிர் வரும். காலிமுகத்திடலில் குடை பிடித்து நடந்தாலும் மணலிலும் அலை நுரையிலும் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் படும். நேரம் பார்க்கத் தெரியாவிட்டால் நிழலைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் கட்டையாக இருந்தால் அது தவிர்க்க வேண்டிய வெயில்.

சன்ஸ்கிறீன் வாங்கும்போது எஸ்பிஎஃப் 30 அல்லது 50 பாருங்கள். 30 யூவிபியில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 தடுப்பது 98, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எஸ்பிஎஃப் என்பது எரிக்கிற கதிருக்கான கணக்கு. கறையை உண்டாக்கும் யூவிஏயைத் தடுக்கிறதா என்று தெரிய பிஏ என்ற குறிக்குப் பின்னால் எத்தனை கூட்டல் இருக்கிறது என்று எண்ணுங்கள், மூன்று அல்லது நான்கு இருக்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இதுவும் போதாது, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும். அதற்கு இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறத்தில் சாயம் சேர்த்த சன்ஸ்கிறீன் வேண்டும். வெள்ளையாகப் படிந்து பேய் போலத் தெரிகிற தொல்லையும் அதில் இல்லை.

அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியிலிருந்து அடி வரை இரண்டு கோடு பிழிந்தால் அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு. தினமும் இரண்டு தடவை இப்படிப் பூசினால் 50 மில்லி டியூப் மூன்று நான்கு வாரத்தில் முடியும். உங்கள் டியூப் நான்கு மாதம் வருகிறது என்றால் பூசியதாகக் கணக்கில்லை. வெளியே நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும், வியர்த்தால் துவாயால் ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள், தேய்க்க வேண்டாம். நம் புழுக்கத்துக்கு ஜெல் வகை ஒத்துப்போகும். காதையும் பின்கழுத்தையும் புறங்கையையும் விடாதீர்கள். நீளக் கைச் சட்டை, அகலத் தொப்பி, குடை மூன்றும் கிறீமைவிட நம்பகமானவை, மெல்லிய வெள்ளைப் பருத்தியைவிட நெருக்கமாக நெய்த கடும் நிறத் துணி நன்றாகத் தடுக்கும்.

"வயது போன பிறகு இதெல்லாம் என்ன பயன்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைத் தினமும் சன்ஸ்கிறீன் பூச வைத்து, நாலரை வருடம் பார்த்தார்கள். தினமும் பூசியவர்களின் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு என்று 2013இல் முடிவு வெளியானது. அந்த ஆய்வில் நடுவயதுக்காரர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் பலன் கிடைத்தது. எனக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. விட்டமின் டி குறையுமோ என்று பயந்தால் ஒரு தடவை இரத்தம் பார்த்து, குறைவென்றால் மாத்திரை எடுங்கள், அதற்காக முகத்தை வெயிலில் காட்ட வேண்டாம்.

இதை மட்டும் ஒரு மாதம் செய்யுங்கள். வேறு எதுவும் இல்லை. மென்மையான சவர்க்காரமற்ற கழுவி, ஈரப்பதக் கிறீம், சன்ஸ்கிறீன், அவ்வளவுதான். வயதான தோல் காய்ந்திருக்கும், அதன் மேல் நேரடியாக மருந்து பூசினால் எரியும்.

பிறகு ஒவ்வொன்றாக

நான் முதலில் சொல்வது அசலாயிக் அமிலம் கலந்த கிறீம், 15 அல்லது 20 சதவீதம். மெதுவாக வேலை செய்யும், மங்குக்கும் பொருந்தும், கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகப் பாதுகாப்பானது. முதல் வாரங்களில் கொஞ்சம் அரிக்கும், ஊசி குத்துவது போல இருக்கும், அது குறையும். அதுவும் தாங்காவிட்டால் 4 அல்லது 5 சதவீத நியாசினமைட், அது விட்டமின் பி3இன் ஒரு வகை. விட்டமின் சி சீரம் காலையில் சன்ஸ்கிறீனுக்கு முன் நல்லது, ஆனால் நம் வெக்கையில் சீக்கிரம் கெட்டுவிடும், கடும் மண்ணிறமாகிவிட்டால் வீசிவிடுங்கள்.

வெயிலால் பழுதான தோலுக்கு அதிகம் ஆராயப்பட்ட மருந்து ட்ரெட்டினோயின், விட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பூச்சு. நிறமியை மட்டுமில்லை, கொலாஜனையும் திருத்தும். டொக்டர் எழுதித் தர வேண்டியது, கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் தொடக்கூடாது. 0.025 சதவீதத்தில் தொடங்கி, வாரத்தில் இரண்டு இரவு மட்டும், முகம் கழுவி இருபது நிமிடம் காய விட்டு, முழு முகத்துக்கும் ஒரு கடலையளவு. மேலே ஈரப்பதக் கிறீம். கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து உரியும், சிவக்கும், பலர் அங்கே விட்டுவிடுகிறார்கள். லேசாக உரிந்தால் தொடரலாம், எரிந்தால் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாரத்துக்கு ஒரு இரவாகத் திரும்பத் தொடங்குங்கள். வீரம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை.

நிறமி உருவாவதைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் கிறீம் வேலை செய்யும், வேகமாகவும் செய்யும். டொக்டர் பார்வையில், 2 முதல் 4 சதவீதத்தில், மூன்று நான்கு மாதம், பிறகு இடைவெளி. வருடக்கணக்காகப் பூசினால் தோல் நீலம் கலந்த கறுப்பாகிவிடும், அதைத் திருப்புவது மிகக் கடினம். பிடிவாதமான மங்குக்கு ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரையும் தருகிறார்கள், ஆனால் அது இரத்தம் உறைவதோடு தொடர்புடைய மருந்து. காலில் இரத்தக்கட்டி, பக்கவாதம், இருதய நோய் வந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

லேசர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தனித்தனி வெயில் புள்ளிகளுக்கு நல்ல பலன் தரலாம். மங்குக்கு அவசரப்பட்டுப் போனால் இரண்டு மாதத்தில் இன்னும் கறுப்பாகத் திரும்பி வரலாம். நம் நிறத் தோலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள், காதுக்குப் பின்னால் சிறு இடத்தில் செய்து பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். திரவ நைதரசனால் உறைய வைத்தால் நம் தோலில் வெள்ளைப் புள்ளி நிற்கலாம், நிறமிக் கலங்களுக்குக் குளிர் ஆகாது. மகளின் கலியாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இதில் எதையும் தொடங்காதீர்கள்.

தேசிக்காயை முகத்தில் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கறுத்துவிடும், அந்தச் சாற்றில் இருக்கும் பொருள் யூவிஏயோடு சேர்ந்து தோலைச் சுடுகிறது. சமையலறையில் சாறு பிழிந்த கையோடு வெயிலில் துணி காயப்போடப் போனால்கூட வரும். கையைக் கழுவிவிட்டுப் போங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது பெயரில்லாத டப்பாக் கிறீம்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, சலூனில் கலந்து கொடுத்த வெள்ளைக் கிறீமைப் பூசினார். இரண்டு வாரத்தில் முகம் பளபளத்தது, எல்லோரும் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஐந்தாம் மாதம் கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரியத் தொடங்கியது, தாடையில் மயிர், சின்னச் சின்னப் பருக்கள். நிறுத்தினால் நெருப்பாக எரிந்தது. டொக்டர் பார்த்ததும் ஸ்டெரொயிட் என்றார். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசோல் என்று உறையில் இருந்தால் அது வெள்ளையாக்கும் கிறீம் இல்லை, டொக்டர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசும் மருந்து. ஏற்கெனவே மாதக்கணக்காகப் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் டொக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

ஸ்டெரொயிட்டை விடக் கொடியது பாதரசம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசியவரின் கையிலிருந்தும் கன்னத்திலிருந்தும் தூக்கி வைத்திருக்கும் பேரப்பிள்ளைக்கும் போகும். உறையில் மெர்க்குரி, கலோமெல் என்று இருந்தால் வேண்டாம். தங்க நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தாலும் வேண்டாம், பாதரசம் தங்கத்தைப் பிடிக்கும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

எவ்வளவு நாள், எப்போது டொக்டர்

இளம் வயதில் ஏறக்குறைய 28 நாளில் புதுப்பிக்கும் மேல்தோல், வயது ஏற ஏற இன்னும் மெதுவாகப் புதுப்பிக்கும். அதனால் எந்த மருந்துக்கும் மூன்று மாதம் கொடுங்கள், ஆறு மாதத்தில் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். என் வலது கன்னத்துத் திட்டு முழுதாகப் போகவில்லை, ஆனால் ஏழாம் மாதத்துப் படத்தில் பாதிக்கு மேல் மங்கியிருக்கிறது.

சிலவற்றுக்குக் காத்திருக்கக்கூடாது. வயது போன பிறகு புதிதாக வந்து வளர்கிற புள்ளி, ஒரே புள்ளிக்குள் இரண்டு மூன்று நிறம், ஒழுங்கில்லாத விளிம்பு, தானாக இரத்தம் வருவது, ஒரு மாதமாகியும் ஆறாத புண், அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பொருக்கு கட்டுவது. கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்பது தவறு. நமக்கு அது வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வரும், அதனால்தான் பிந்திக் கண்டுபிடிக்கிறார்கள். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு நீளமாக ஓடினால் காட்டுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுக்கும்போதே அம்மாவின், அப்பாவின் உள்ளங்காலையும் பார்த்துவிடுங்கள், அவர்களால் குனிந்து பார்க்க முடியாது.

கொழும்பில் இருப்பவர்கள் தனியாரில் சனல் பண்ணிக் காட்டலாம், வசதி இல்லாவிட்டால் தேசிய வைத்தியசாலையிலும் தோல் கிளினிக் இருக்கிறது, பணம் கட்டத் தேவையில்லை, காலையில் நேரத்தோடு போனால் சரி. போகும்போது முகத்தில் எதுவும் பூசாமல், பவுடர்கூட இல்லாமல் போங்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரைகள், தலைச்சாயப் பெட்டி, இதுவரை பூசிய டப்பாக்கள், பெயரில்லாதவைகூட, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.